சோதனைக்குழாயும் சந்தேகமும்: தாழ்சர்க்கரையின் வரலாற்றுக்குச் சில குறிப்புகள்

நோய்க்கு வரலாறு உண்டு என்பதை ஒத்துக்கொள்கிற நண்பர்கள்கூட, சோதனைக்கு வரலாறு உண்டு என்றால் கொஞ்சம் தயங்குகிறார்கள். பெரியம்மை, காலரா, தொழுநோய் இவற்றின் சமூக வரலாற்றை எழுதலாம். அதிகாரம் உடம்பின் மேல் எப்படி இறங்கியது என்று பேசலாம். ஆனால் ரத்தத்தை எடுத்து ஒரு எந்திரத்தில் வைத்தால் வருகிற எண் இருக்கிறதே, அது மட்டும் எல்லாச் சொல்லாடலுக்கும் வெளியே நிற்பதாக ஒரு நம்பிக்கை. 'ரிப்போர்ட்டுல என்ன போட்டிருக்கு?' என்று கேட்டுவிட்டால் பேச்சு முடிந்தது. நோயாளி சொன்னது கதை, தாள் சொல்வது உண்மை. போடியில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் இந்த நம்பிக்கையை ரொம்பப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தத் தாளில் எண்ணை எழுதியவர்களில் நானும் ஒருவன்.

இங்கே எழுத நினைப்பது ஒரே ஒரு எண்ணைப் பற்றி: ரத்தத்தில் இன்சுலின் எவ்வளவு. அந்த எண்ணை அளக்கிற வித்தை எப்படிப் பிறந்தது, எந்த உடம்பில் அது பொய்யாகிறது, பொய்யாகும்போது பழி யார் தலையில் விழுகிறது.

சர்க்கரை கூடுவது பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. சர்க்கரை இறங்குவது பற்றிப் பேச்சு குறைவு. மாத்திரையோ ஊசியோ போடாத ஒருவருக்குத் திடீர் திடீரென்று சர்க்கரை இறங்கினால் காரணங்கள் பல. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் சிறு கட்டி இருக்கலாம். கல்லீரல் கெட்டிருக்கலாம். அரிதான இன்னொன்று, உடம்பே தன் இன்சுலினுக்கு எதிராக எதிர்ப்பொருள் தயாரிப்பது. எதிர்ப்பொருள் இன்சுலினைப் பிடித்தால் இன்சுலின் குறைந்து சர்க்கரை கூடத்தானே வேண்டும், எப்படி இறங்கும் என்று கேட்கலாம். எங்கள் ஊர் ஏலக்காய் வியாபாரத்தைத் தெரிந்தவருக்கு இது எளிது. ஏலத்துக்கு வரவேண்டிய சரக்கை ஒரு புள்ளி கிடங்கில் பதுக்குகிறார். சந்தையில் சரக்கு இல்லையென்று தோட்டக்காரர்கள் மேலும் மேலும் அனுப்புகிறார்கள். பிறகு ஒரு நாள், விலை என்ன, தேவை என்ன என்று பாராமல் கிடங்கைத் திறந்து அவ்வளவையும் இறக்கிவிடுகிறார். விலை சரிகிறது. சாப்பிட்டதும் சுரக்கிற இன்சுலினை எதிர்ப்பொருள் இப்படித்தான் பதுக்குகிறது, சர்க்கரை ஏறுகிறது, கணையம் இன்னும் சுரக்கிறது. சில மணி நேரம் கழித்து எதிர்ப்பொருள் பிடியை விடும்போது ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்பதைப் பற்றி அதற்குக் கவலை கிடையாது. வியர்வை, நடுக்கம், பார்வை மங்கல், உளறல், மயக்கம்.

இதை 1970இல் ஜப்பானில் யுகிமாசா ஹிராத்தாவும் உடன் வேலை செய்தவர்களும் முதலில் எழுதினார்கள். இன்சுலின் ஊசியே போட்டுக்கொள்ளாத ஒருவரின் ரத்தத்தில் இன்சுலினுக்கு எதிரான எதிர்ப்பொருள். 'ஊசியே போடாத' என்ற அந்த அடைமொழியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதில்தான் இந்த வரலாற்றின் முடிச்சு இருக்கிறது.

முடிச்சைப் புரிந்துகொள்ள 1950களின் நியூயார்க்குக்குப் போகவேண்டும். பிராங்க்ஸில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை ஒன்றில் ரோசலின் யாலோ என்ற இயற்பியல்காரரும் சாலமன் பெர்சன் என்ற மருத்துவரும் கதிரியக்க அயோடின் ஒட்டிய இன்சுலினை மனித உடம்பில் செலுத்தி அது எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நீரிழிவில் இன்சுலின் சீக்கிரமே சிதைக்கப்படுகிறது என்பது அன்றைய ஊகம். கண்டது நேர்மாறு. சிலரின் உடம்பில் அது வெகுநேரம் தங்கியது. அவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது நோய் அல்ல, முன்னமே இன்சுலின் ஊசி போடப்பட்டவர்கள் என்பதுதான். அவர்களில் நீரிழிவுக்காரர்களும் உண்டு, நீரிழிவே இல்லாத மனச்சிதைவு நோயாளிகளும் உண்டு.

இந்த இரண்டாவது கூட்டத்தை மருத்துவ வரலாறுகள் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகின்றன. மனச்சிதைவுக்காரர்களுக்கு எதற்கு இன்சுலின்? வியன்னாவின் மான்ஃபிரெட் சாக்கெல் 1930களில் தொடங்கிவைத்த சிகிச்சை அது. வேண்டுமென்றே சர்க்கரையை இறக்கி மயக்கத்தில் ஆழ்த்தி, பிறகு குளுக்கோஸ் கொடுத்து எழுப்புவது. வாரத்தில் பல நாள், மாதக்கணக்கில். நம் நாட்டு மனநல மருத்துவமனைகளிலும் இதைச் செய்தார்கள். பலன் இல்லை என்று பின்னால் கைவிட்டார்கள். ஆக, எதிர்ப்பொருள் கண்டுபிடிக்கப்பட்டதில், யாரும் அனுமதி கேட்டிராத மனிதர்களை மறுபடி மறுபடி தாழ்சர்க்கரைக்குள் தள்ளிய ஒரு வார்டின் பங்கும் இருக்கிறது.

மாட்டின், பன்றியின் இன்சுலினுக்கு மனித உடம்பு எதிர்ப்பொருள் தயாரித்திருக்கிறது. அதுதான் இன்சுலினைப் பிடித்துவைக்கிறது என்று யாலோவும் பெர்சனும் எழுதினார்கள். வெறும் 51 அமினோ அமிலங்கள் கொண்ட இவ்வளவு சின்னப் புரதம் எதிர்ப்பொருளைத் தூண்டவே முடியாது என்பது அன்றைய நோயெதிர்ப்பியலாரின் தீர்மானம். கட்டுரை திருப்பி அனுப்பப்பட்டது. கடைசியில் 1956இல் தலைப்பிலிருந்து 'எதிர்ப்பொருள்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'இன்சுலினைப் பிணைக்கும் குளோபுலின்' என்று மாற்றிய பிறகுதான் அச்சேறியது. பொருள் ஒன்று, பெயர் வேறு! அந்த மறுப்புக் கடிதத்தை யாலோ பத்திரமாக வைத்திருந்து, 1977இல் நோபல் உரையில் எடுத்துக் காட்டினார். பெர்சன் 1972லேயே இறந்துவிட்டார். எனக்கு இந்த அம்மாவை ரொம்பப் பிடிக்கும். கடிதத்துக்காக மட்டுமல்ல, தங்கள் முறைக்கு அவர்கள் காப்புரிமை வாங்காததற்காகவும்.

அந்த முறை இதுதான்: எதிர்ப்பொருள் இன்சுலினைப் பிடிக்கிறது என்றால், அந்தப் பிடியையே தராசாக்கலாம். குறிப்பிட்ட அளவு எதிர்ப்பொருள், குறிப்பிட்ட அளவு கதிரியக்க இன்சுலின், அதோடு நோயாளியின் ரத்தம். ரத்தத்தில் இருக்கும் இன்சுலின் போட்டிக்கு வந்து கதிரியக்க இன்சுலினை எதிர்ப்பொருளிலிருந்து தள்ளுகிறது. எவ்வளவு தள்ளியது என்று பார்த்தால் எவ்வளவு இருந்தது என்று தெரியும். 1960இல் இது முழு வடிவம் பெற்றது. இன்று ஊர்ப்புறச் சோதனைக்கூடங்கள் வரை வந்துவிட்ட தைராய்டுச் சோதனை, கர்ப்பச் சோதனை எல்லாம் இந்த வித்தையின் வாரிசுகள்.

இப்போது முடிச்சு தெரிகிறதா? அளக்கும் கருவி எதிர்ப்பொருளால் ஆனது. ஹிராத்தா நோயாளியின் ரத்தத்திலோ சொந்த எதிர்ப்பொருள் ஏற்கெனவே இருக்கிறது. தராசுக்குள்ளேயே இன்னொரு தராசு. கதிரியக்க இன்சுலினை அதுவும் போய்ப் பிடிக்கிறது. பிடிபட்டதையும் பிடிபடாததையும் பிரிக்கச் சோதனைக்கூடம் கையாளும் உத்தியைப் பொறுத்து விடை மாறுகிறது. கினிப்பன்றி எதிர்ப்பொருளை மட்டும் வீழ்படிவாக்கும் முறையில், நோயாளியின் எதிர்ப்பொருள் கவர்ந்துகொண்டது கணக்கில் வராமல் இன்சுலின் பொய்யாக அதிகம் என்று காட்டும். எல்லா எதிர்ப்பொருளையும் சேர்த்துப் பிரிக்கும் முறையில், அதே ரத்தம் பொய்யாகக் குறைவு என்று காட்டும். இரண்டு எதிர்ப்பொருள்களுக்கு நடுவே இன்சுலினை இறுக்கிப் பிடிக்கும் பிற்காலச் சோதனைகளில், இன்சுலினின் எந்த முகம் மறைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஏதோ ஒரு எண். ஒரே கையிலிருந்து ஒரே நேரத்தில் எடுத்த ரத்தம் இரண்டு ஊர்களில் இரண்டு நோய் சொல்லும். இதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லிவிட முடியாது. எந்தப் பொருளைக் கண்டுபிடித்ததால் சோதனை சாத்தியமாயிற்றோ, அதே பொருளால்தான் சோதனை கெடுகிறது.

தப்பிக்க வழிகள் உண்டு. பாலிஎதிலீன் கிளைக்கால் சேர்த்து எதிர்ப்பொருளோடு ஒட்டியதை அடியில் படியவைத்துவிட்டு மேலே மிஞ்சும் விடுதலை இன்சுலினை அளக்கலாம். ஜெல் தூண் வழியாகப் பாய்ச்சிப் பெரிய மூலக்கூறுகளைத் தனியே பிரிக்கலாம். எதிர்ப்பொருளையே நேராகத் தேடும் சோதனையும் இருக்கிறது, ஆனால் ஐ.ஜி.ஜி. வகையை மட்டும் தேடும் சோதனை மற்ற வகைகளைத் தவறவிடும். இன்சுலினை விட்டுவிட்டு, செல்லில் இன்சுலின் வந்து ஒட்டும் ஏற்பியையே தாக்கும் எதிர்ப்பொருள்களும் உண்டு. 1975இல் அமெரிக்காவில் விவரிக்கப்பட்ட அவற்றைச் சாதாரணச் சோதனைக்கூடம் எதிலும் பார்க்க முடியாது. இந்த வழிகளுக்கெல்லாம் முதலில் ஒருவருக்குச் சந்தேகம் வரவேண்டும். சந்தேகம் வருகிறது. ஆனால் எந்திரத்தின் மேல் வருவதற்கு முன்பு அது நோயாளியின் மேல் வருகிறது.

இன்சுலினைக் குற்றப்புலனாய்வோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கம் பழையது. 1957இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் கென்னத் பார்லோ என்ற செவிலியர் தன் மனைவியை இன்சுலின் ஊசியால் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டார். இறந்தவரின் திசுச்சாற்றை எலிகளுக்குச் செலுத்தி, அவை தாழ்சர்க்கரையில் துடிப்பதைப் பார்த்துத்தான் நிரூபித்தார்கள். 1967இல் சிகாகோவில் டொனால்ட் ஸ்டெய்னர், இன்சுலின் பெரிய முன்வடிவமாகப் பிறந்து பிறகு வெட்டுப்படுகிறது என்று காட்டினார். வெட்டும்போது விழும் துண்டுதான் சி-பெப்டைடு. உடம்பு சுரக்கும் ஒவ்வொரு இன்சுலினுக்கும் ஒரு துண்டு. மருந்துக்குப்பி இன்சுலினில் அந்தத் துண்டு இல்லை. ஆக இன்சுலின் அதிகம், சி-பெப்டைடு குறைவு என்றால் யாரோ ஊசி போட்டிருக்கிறார்கள். பாடப்புத்தகங்கள் அந்த 'யாரோ'வுக்கு முகமும் கொடுத்துவிட்டன: கவனத்தை ஈர்க்கத் தானே ரகசியமாக ஊசி போட்டுக்கொள்ளும் பெண், பெரும்பாலும் செவிலியர் அல்லது வீட்டில் நீரிழிவுக்காரர் உள்ளவர்.

ஹிராத்தா நோயில் என்ன ஆகும்? சாதாரணமாக இன்சுலின் சில நிமிடங்களில் ரத்தத்தை விட்டுப் போய்விடும். சி-பெப்டைடு அரைமணி அளவில் நிற்கும். அதனால் மூலக்கூறு எண்ணிக்கையில் எப்போதும் சி-பெப்டைடே அதிகம். எதிர்ப்பொருள் இன்சுலினைப் பிடித்து நிறுத்தினால் இந்த விகிதம் தலைகீழாகிறது, ஊசி போட்டவரைப் போலவே. சி-பெப்டைடு அடங்காமல் உயர்ந்தே இருக்கும் என்பதுதான் வித்தியாசம். ஆனால் தாளில் வருகிற எண்களைப் பாருங்கள்: இன்சுலின் ஒரு அலகில், சி-பெப்டைடு வேறு அலகில். இன்சுலின் 300 மைக்ரோ யூனிட், சி-பெப்டைடு 4 நானோகிராம் என்று ஒரு தாள் வந்தால், முதலாவதை ஏறத்தாழ 6ஆலும் இரண்டாவதை ஏறத்தாழ 331ஆலும் பெருக்கினால்தான் 1800க்கு 1324 என்று ஒரே அலகில் நிற்கும். விகிதம் ஒன்றைத் தாண்டியது தெரியும். இந்தப் பெருக்கலை யார் போடுவது? சோதனைக்கூடம் போடுவதில்லை. டாக்டருக்கு நேரமில்லை. போட்டுப் பார்க்கிற டாக்டரும் பாதியோடு நிறுத்தினால், எதிரே உட்கார்ந்திருப்பவள் பொய்காரி ஆகிறாள். விகிதமே பார்க்காமல் வெறும் அளவை மட்டும் பார்த்தால் கணையக் கட்டி என்று முடிவாகும். வயிற்றைத் திறந்து கட்டியைக் காணாமல் தைத்து அனுப்பிய கதைகள் மருத்துவ இதழ்களில் இருக்கின்றன.

இன்னும் ஒன்று. எதிர்ப்பொருள் இருக்கிறது என்று நிரூபித்துவிட்டாலும் வழக்கு முடியாது. ஊசி இன்சுலினாலும் எதிர்ப்பொருள் வரும், யாலோ காட்டியது அதைத்தானே? 1982இல் ஆய்வுக்கூடத்தில் தயாரித்த மனித இன்சுலின் கடைக்கு வந்த பிறகு, மாட்டு இன்சுலினுக்கு எதிரானதா சொந்த இன்சுலினுக்கு எதிரானதா என்று பிரித்துப் பார்க்கும் வழியும் கிட்டத்தட்ட அடைபட்டுப் போயிற்று. கடைசியில் ஹிராத்தாவின் வரையறை எதன் மேல் நிற்கிறது? 'நான் ஊசி போட்டுக்கிட்டதே இல்லைங்க' என்று நோயாளி சொல்கிற ஒரு வாக்கியத்தின் மேல். இவ்வளவு எந்திரங்களும் ஓடி முடித்த பிறகு மருத்துவர் அந்தச் சொல்லை நம்பியாக வேண்டும். மருத்துவம் தன்னை அறிவியலாக்கிக்கொண்ட கதையே நோயாளியின் சொல்லைக் கழித்துக் கட்டிய கதைதான் என்று ஃபூக்கோவைப் படித்த நாம் சொல்லி வருகிறோம். கழித்துக் கட்டியது இங்கே பின்வாசல் வழியாகத் திரும்பி வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது. (ஃபூக்கோவின் 'மருத்துவமனையின் பிறப்பு' 1800ஐ ஒட்டிய பாரிஸின் பிணவறையோடு நின்றுவிடுகிறது, சோதனைக்குழாயை அவர் எழுதவில்லை. எழுதியவர் போலந்தின் லுட்விக் ஃபிளெக், 1935இல். நம்மிடையே அவரைப் படிப்பவர் குறைவு.)

ஃபிளெக் எடுத்துக்கொண்டது சிஃபிலிஸுக்கான வாசர்மன் சோதனையை. 1906இல் வந்த அந்தச் சோதனை கிருமியைத் தேடுவதாக நினைத்துக்கொண்டு ஒரு கொழுப்புப்பொருளுக்கான எதிர்ப்பொருளைத்தான் தேடியது. எனவே மலேரியாக்காரருக்கும் தொழுநோயாளிக்கும், தன்னெதிர்ப்பு நோயான லூபஸ் வந்த பெண்ணுக்கும் 'பாசிட்டிவ்' காட்டியது. தன் உடம்பே தன்னைத் தாக்குவதால் அவதிப்படும் பெண்ணுக்கு, கூடவே நடத்தை கெட்டவள் என்ற பட்டமும். இன்சுலின் சோதனையில் நடப்பது இதன் தம்பிதான்.

உடம்பு தன்னையே தாக்காது என்பதும் ஒரு காலத்தில் விதியாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் வாசலில் பால் எர்லிக் அதற்கு லத்தீனில் ஒரு பெயரே வைத்தார்: தன்-நஞ்சாதலின் பேரச்சம். அந்த விதி உடைந்தது அதே 1956இல்தான், லண்டனில் ஐவன் ராய்ட், டெபோரா டோனியாக் முதலானோர் தைராய்டு நோயாளிகளிடம் சொந்தத் தைராய்டுக்கு எதிரான எதிர்ப்பொருளைக் கண்டபோது.

இனி எங்கள் மலைக்கு வருகிறேன். போடியிலிருந்து போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். விடியுமுன்னே ஜீப்புகள் ஆள் ஏற்றிக்கொண்டு கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஏறும். களையெடுப்பும் காயெடுப்பும் பெரும்பாலும் பெண்கள். தோட்டத்தில் ஒருத்திக்கு வேர்த்துக் கொட்டிக் கை நடுங்கி வாய் குழறினால் எத்தனை பெயர் காத்திருக்கிறது! வெறும் வயிறு, ரத்தச்சோகை, மருந்தடித்த மயக்கம், காட்டுல எதையோ பாத்து பயந்துட்டா. பூச்சிமருந்து நஞ்சேறினாலும் வேர்க்கும், நடுங்கும். ஏலத்தோட்டத்தில் மருந்தடிப்பு எவ்வளவு என்பது ஊரறிந்தது. எனவே அந்தச் சந்தேகம் நியாயமானதே. ஆனால் தாழ்சர்க்கரை அதன் நிழலில் ஒளிந்துகொள்ளும். பிரிப்பதற்கு ஒரு சொட்டு ரத்தம் போதும், அந்த நேரத்தில் அந்த இடத்தில் எடுத்தால்.

எடுப்பதில்லை. பக்கத்திலிருக்கிற அக்கா கருப்பட்டிக் காப்பியோ சர்க்கரைத் தண்ணியோ கொடுத்துவிடுவாள். கொடுக்கத்தான் வேண்டும், இல்லையென்றால் உயிர் போகும். ஆனால் பாடப்புத்தகம் கேட்கும் ரத்தம், சர்க்கரை 55க்குக் கீழே இருக்கும்போது, குளுக்கோஸ் கொடுப்பதற்கு முன் எடுத்தது. அந்த நேரத்து இன்சுலின், அந்த நேரத்து சி-பெப்டைடு. காப்பி குடித்துக் கீழே இறங்கி வந்தவளின் சர்க்கரை நூறு காட்டும். 'ஒண்ணுமில்லம்மா, நல்லா சாப்பிடு' என்று அனுப்புவார்கள். காப்பாற்றிய கைதான் சாட்சியத்தையும் அழிக்கிறது. விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கருவி இன்று எங்கும் கிடைக்கிறது, ஆனால் 100க்குக் கீழே 15 வரை கூடக்குறையக் காட்டலாம் என்று சர்வதேச அளவுகோலே (2013) அதற்குச் சலுகை தருகிறது. 55 என்பது 40ஆகவும் இருக்கலாம், 70ஆகவும் இருக்கலாம்.

சரி, மேலேயே நரம்பில் ரத்தம் எடுத்துக் குழாயில் அனுப்பினால்? குழாய்க்குள் செல்கள் உயிரோடு இருக்கின்றன. அவை சர்க்கரையைத் தின்கின்றன. பிரித்தெடுக்காத ரத்தத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். 62ஆக இருந்தது ஜீப்பிலும் காத்திருப்பிலும் இரண்டு மணி நேரம் கழித்தால் 54 ஆகி, இல்லாத நோயை உண்டாக்கும். சாம்பல்மூடிக் குழாயின் ஃப்ளூரைடுகூட முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு இதை முழுசாகத் தடுப்பதில்லை. குலுங்கிக் குலுங்கி வருகிற ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்தால், உள்ளேயிருந்து கசியும் நொதி இன்சுலினைச் சிதைத்து, இருக்கிற நோயை மறைக்கும். ஒரே பாதை ஒரு எண்ணைப் பொய்யாக்கிக் குற்றம் சாட்டும், இன்னொரு எண்ணைப் பொய்யாக்கி விடுதலை செய்யும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் சேதமில்லாமல் இறங்கின, 1924 வெள்ளம் வரைக்கும். சரக்கு கெடாமல் இறங்க வேண்டும் என்ற அக்கறை இந்த மலைக்குப் புதிதல்ல. தோட்டத்தில் மருத்துவ வசதி முதலாளியின் கடமை என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் எழுதியது. காலையில் ஏறி மாலையில் வேறு மாநிலத்துக்கு இறங்குகிற தினக்கூலிக்கு அந்தக் கடமை யாருடையது?

இப்படியொரு அரிய நோய்க்கு இவ்வளவு அக்கறையா என்று தோழர்கள் கேட்கலாம். முசாஃபர்பூரை நினைவுபடுத்துகிறேன். பீகாரில் 1990களின் நடுவிலிருந்து கோடைதோறும் குழந்தைகள் வலிப்பு வந்து இறந்துகொண்டிருந்தார்கள். மூளைக்காய்ச்சல் என்று பெயர் வைத்து வைரஸைத் தேடிக்கொண்டிருந்தார்கள். 2014இல் இரண்டு மருத்துவமனைகளில் சேர்ந்த 390 குழந்தைகளில் 122 பேர் இறந்தார்கள். சர்க்கரை பார்க்கப்பட்ட 327 பேரில் 204 பேருக்கு அது 70 அல்லது அதற்குக் கீழே. இரவு சாப்பிடாமல் படுத்த குழந்தை, லிச்சிப் பழத்தின் நஞ்சு, காலையில் தாழ்சர்க்கரை. வேலூரிலிருந்து போன வைரஸ் நிபுணர் ஜேக்கப் ஜானும் லக்னோவின் முகுல் தாஸும் இதை முன்னமே எடுத்துச் சொன்னவர்கள். அங்கே தன்னெதிர்ப்பு எதுவும் இல்லை, காரணம் வேறு. ஆனால் ஏழைக் குழந்தையின் சர்க்கரையை வந்தவுடனே பார்க்க வேண்டும் என்று தோன்றவே இத்தனை கோடை ஆயிற்று.

ஹிராத்தா நோயும் இப்போது ஜப்பானின் அரிய நோயாக மட்டும் இல்லை. அங்கே 1970 முதல் 1992 வரை 197 பேரைக் கணக்கெடுத்தார்கள். ஒரு குறிப்பிட்ட மரபணு வகை அவர்களில் பெரும்பாலோருக்கு இருந்தது. பலரிடம் இன்னொன்றும் இருந்தது: கந்தகக் கூட்டுள்ள ஒரு மருந்து. முதலில் தைராய்டுக்கான மெத்திமசோல். நம் ஊரில் கொடுக்கும் கார்பிமசோல் உடம்புக்குள் போய் அதுவாகத்தான் மாறுகிறது. பிறகு, 2000க்கு மேல், ஆல்ஃபா லிப்போயிக் அமிலம். அங்கே உடம்பு இளைக்க என்று விற்றார்கள். இங்கே கால் எரிச்சலுக்கும் மரத்துப்போவதற்கும் நரம்புச் சத்து மாத்திரையாக, பி12 வகையோடு கலந்து, சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் கிடைக்கிறது. இந்தியாவிலிருந்தும் இந்த மாத்திரைக்குப் பின் வந்த தாழ்சர்க்கரை பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் எதிர்ப்பொருள் தணிந்துவிடுகிறது; அதுவரை கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிட்டுச் சமாளிக்கலாம். ஜெல் தூண் வேண்டாம், கதிரியக்கம் வேண்டாம். 'என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, எப்போதிருந்து?' என்று கேட்டு, பதிலை எழுதி மதுரைக்கோ வேலூருக்கோ போகும் குழாயோடு அனுப்பினால் அங்கே ஒருவர் பாலிஎதிலீன் கிளைக்காலை எடுக்க நினைக்கலாம்.

நான் வேலை பார்த்த இடத்தின் படிவத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன: பெயர், வயது, ஆண்/பெண், அனுப்பிய டாக்டர். மாத்திரைக்குக் கட்டம் கிடையாது. ஓரத்தில் நான் பேனாவால் எழுதியதை, தாள் அசிங்கமாகுது என்று சொல்லி நிறுத்தச் சொன்னார்கள்.